எம்.எல்.ஜே. என்றால் மெட்ராஸா, மலாயாவா? நடுவில் நிற்கும் ‘லா’ எந்தச் சட்டம்?

#1 வாசிப்பறை

வணக்கம். அரசமைப்புத் திருத்தங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குவதில் இரண்டு சிக்கல்.

முதலாவது அடிக்குறிப்பு. ஓரிடத்தில் ‘[1980] 1 எம்.எல்.ஜே. 70’ என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் ‘31 எம்.எல்.ஜே.’ என்று தொடங்குகிறது, ஆண்டே போடவில்லை. இரண்டுமே தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மெட்ராஸ் லா ஜர்னல்தானா?

இரண்டாவது, அந்த 1980 சைட்டேஷன் (தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் என்ற குறிப்பு) வரும் வரி. அரசமைப்பைத் திருத்தும் ‘ஆக்ட்’, ‘லா’ ஆகாது என்கிறது. ஆக்டுக்கும் சட்டம், லாவுக்கும் சட்டம் என்று போட்டால் ‘திருத்தச் சட்டம் சட்டம் ஆகாது’ என்று வந்து நிற்கிறது. படிக்கிறவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். வேறு எப்படி எழுதலாம்?

#2 ஓரக்குறிப்பு

முதலாவது மலாயா. இரண்டாவது மெட்ராஸ்.

மெட்ராஸ் லா ஜர்னல் 1891இல் தொடங்கியது. மலாயன் லா ஜர்னல் 1932இல் சிங்கப்பூரில் பஷீர் மல்லால் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே மூன்றெழுத்து. அவரவர் ஊரில் எவருக்கும் குழப்பமில்லை. ஊர் தாண்டி மேற்கோள் போகும்போதுதான் வம்பு.

மலாயன் முறையில் ஆண்டு சதுர அடைப்புக்குள் வரும். அடுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது தொகுதி, பிறகு பக்கம். ஒவ்வோர் ஆண்டும் தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் ஆண்டு இல்லாமல் புத்தகத்தை எடுக்கவே முடியாது. பழைய ஆண்டுகளில் தொகுதி எண்ணே இருக்காது. மலேசியா உருவாவதைத் தடுக்கக் கிளந்தான் மாநில அரசு தொடுத்த வழக்கு ‘[1963] எம்.எல்.ஜே. 355’. ஆண்டு, பக்கம், அவ்வளவுதான். 1969 வாக்கில் பார்த்தால் தொகுதி எண் வந்துவிட்டது: கரம் சிங் வழக்கு ‘[1969] 2 எம்.எல்.ஜே. 129’.

மெட்ராஸ் ஜர்னலில் பழைய தொகுதிகள் தொடர் எண் கொண்டவை. அதனால்தான் உங்கள் ‘31 எம்.எல்.ஜே.’ ஆண்டு இல்லாமலே நிற்கிறது. இங்கே ஒரு கணக்குப் பிசகு வழக்கமாக நடக்கும். 1891 முதல் தொகுதி என்பதால் 1890உடன் தொகுதி எண்ணைக் கூட்டினால் ஆண்டு வரும் என்று நினைப்பார்கள். தொடக்கத் தொகுதிகளுக்கு அது சரி. 13ஆம் தொகுதி 1903தான். ஆனால் பிறகு ஆண்டுக்கு இரண்டு தொகுதிகள் வரத் தொடங்கின. 31ஆம் தொகுதி 1921 அல்ல, 1916. பிற்காலத் தொகுதிகளில் ஆண்டை வளைவு அடைப்புக்குள் போட்டு, அந்த ஆண்டின் தொகுதி எண்ணைச் சேர்ப்பார்கள்: ‘(1951) 2 எம்.எல்.ஜே.’ என்பது போல.

#3 பிரிவு19ஏ

ஓரக்குறிப்பு சொன்னதில் ஒரு திருத்தம். அடைப்புக்குறியை மட்டும் நம்பி நாட்டைத் தீர்மானிக்க வேண்டாம்.

சதுர அடைப்பு மலேசியாவின் முத்திரை அல்ல. நம் உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பான எஸ்.சி.ஆரே சதுர அடைப்புதான் போடுகிறது. தமிழ்நாட்டு மனுக்களில் மெட்ராஸ் எம்.எல்.ஜே.யை ‘1951 (2) எம்.எல்.ஜே.’ என்றும், ‘1951-2-எம்.எல்.ஜே.’ என்றும், ரோமன் எண் போட்டும் பார்க்கலாம். தட்டச்சில் சதுரம் வளைவாகிவிடும். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்தை உருவும்போது சதுர அடைப்பு ‘1’ என்ற எண்ணாகவே மாறிவிடுவதும் உண்டு. தேடுபெட்டிகள் பல அடைப்புக்குறியைக் கண்டுகொள்வதே இல்லை.

ஆகவே சைட்டேஷனைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கட்சிக்காரர் பெயரில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இருந்தால் பெரும்பாலும் மலேசியா. அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான்: மகன், மகள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இது வராது. ‘எஸ்/ஓ’ (சன் ஆஃப், மகன்) இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, சிங்கப்பூரிலும் பழைய மலாயாவிலும் அது உண்டு.

கடைசியில் நீதிமன்றக் குறி இருந்தால் இன்னும் நல்லது. ‘எஃப்.சி.’ என்று 1970களிலோ 2000த்திலோ இருந்தால் அது மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம். இந்தியாவின் ஃபெடரல் கோர்ட் 1937 முதல் 1950 வரைதான். ‘பி.சி.’ என்று 1970களில் இருந்தால் நிச்சயமாக மெட்ராஸ் அல்ல. இந்தியாவிலிருந்து, லண்டனிலிருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போவது 1949லேயே நின்றுவிட்டது. மலேசியாவின் சிவில் வழக்குகள் 1984 முடியும்வரை போய்க்கொண்டிருந்தன.

#4 ஈப்போ_மேசை

மேலே சொன்னதோடு ‘எஸ்.சி.’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. இந்தியாவில் பழகிய கண்ணுக்கு எஸ்.சி. என்றால் டில்லி உச்ச நீதிமன்றம். மலேசியாவின் உச்ச நீதிமன்றமும் 1985 ஜனவரி முதல் 1994 ஜூன் வரை சுப்ரீம் கோர்ட் என்றே அழைக்கப்பட்டது. பிறகு மறுபடியும் ஃபெடரல் கோர்ட் ஆனது. சே ஓமார் வழக்கு, [1988] 2 எம்.எல்.ஜே. 55, ‘எஸ்.சி.’ என்றுதான் வரும். அதை இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது.

இன்னொன்று. மலாயன் எம்.எல்.ஜே. என்றாலே மலேசிய வழக்கு என்று எடுக்கக் கூடாது. சிங்கப்பூருக்கென்று எஸ்.எல்.ஆர். தொகுப்பு வருவதற்கு முன் அந்த ஊர்த் தீர்ப்புகளும் எம்.எல்.ஜே.யில்தான் வந்தன. ஓங் ஆ சுவான் வழக்கு [1981] 1 எம்.எல்.ஜே. 64. அது சிங்கப்பூர் வழக்கு, தீர்ப்புச் சொன்னது லண்டன் பிரிவி கவுன்சில், சொன்ன ஆண்டு 1980. அடைப்புக்குள் இருப்பது அச்சான ஆண்டு. தீர்ப்பு நாளாக அதை எழுதினால் ஓராண்டு தள்ளிப்போகும்.

‘எம்.எல்.ஜே.யூ.’ என்று கண்டால் கடைசி எழுத்தைப் பிழை என்று வெட்டிவிடாதீர்கள். அச்சுத் தொகுதியில் வராத தீர்ப்புக்கு மின்தளத்தில் கொடுக்கும் எண் அது. அதைத் தேடி அச்சுத் தொகுதியைப் புரட்டினால் கிடைக்காது.

சி.எல்.ஜே. இதைவிட மோசம். இங்கே கரண்ட் லா ஜர்னல், கல்கத்தாவில் கல்கத்தா லா ஜர்னல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் லா ஜர்னல்.

பெயரை மட்டும் வைத்துத் தேடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு (திருத்தத்தாலும் தொட முடியாத மையக் கூறுகள்) பற்றி ‘இந்திரா காந்தி வழக்கு’ என்று எழுதினால் எது? 1975இல் இந்திரா நேரு காந்தி எதிர் ராஜ் நாராயண், டில்லி. 2018இல் இந்திரா காந்தி ஏ/பி முத்தோ, புத்ராஜெயா, [2018] 1 எம்.எல்.ஜே. 545. இரண்டுமே அதே கோட்பாட்டைப் பேசுகின்றன. முன்னது தேர்தல் வழக்கு, பின்னது பிள்ளைகளின் மதமாற்றம் பற்றியது.

அப்புறம், இங்கே ‘லா’ என்றால் சட்டமும் இல்லை, எதுவும் இல்லை. வாக்கியத்தின் வால். சரி லா, போகலாம் லா.

#5 வாசிப்பறை

மிக்க நன்றி. 1980 சைட்டேஷனின் கட்சிக்காரர் பெயர் பாங் சின் ஹாக் எதிர் பி.பி. (பப்ளிக் பிராசிக்யூட்டர், அரசு வழக்குத் தொடுநர்) என்று இருக்கிறது. மலேசியா என்று உறுதியாகிறது. இனி அந்த ‘லா’.

#6 ஓரக்குறிப்பு

அந்த வரி புரிய வேண்டுமானால் முதலில் இந்தியாவில் நடந்த சண்டையைப் பார்க்க வேண்டும். மலேசிய நீதிமன்றம் அதைப் பார்த்துத்தான் பேசுகிறது.

நம் அரசமைப்பின் 13(2), அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் எந்த ‘லா’வையும் அரசு இயற்றக் கூடாது என்கிறது. அரசமைப்புத் திருத்தமும் அந்த ‘லா’வுக்குள் வருமா? வருமென்றால் நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகளில் கைவைக்க முடியாது. வராதென்றால் எதையும் மாற்றலாம். எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

1951இல் சங்கரி பிரசாத் வழக்கில் வராது என்றார்கள். 1967இல் கோலக்நாத் வழக்கில் 6-க்கு 5 என்ற கணக்கில் வரும் என்றார்கள். 1971இல் நாடாளுமன்றம் 24ஆம் திருத்தத்தால் 13(4)ஐச் செருகி, திருத்தம் பற்றிய உறுப்பான 368இன்படி செய்த திருத்தத்துக்கு 13 பொருந்தாது என்று எழுதிவிட்டது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து 24ஆம் திருத்தம் செல்லும் என்றார்கள். ஆனால் பெரும்பான்மை, 7-க்கு 6, அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்றும் சொன்னது. அதாவது ‘லா’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்த வழக்கு, கடைசியில் ‘திருத்தம்’ என்ற சொல்லின் எல்லையில் போய் முடிந்தது.

எனவே உங்கள் வரியில் வரும் ‘லா’, நாடாளுமன்றம் தன் வழக்கமான சட்டமியற்றும் அதிகாரத்தில் செய்வது. ‘ஆக்ட்’ என்பது ஆவணத்தின் பெயர்.

#7 ஈப்போ_மேசை

ஆமாம். பாங் சின் ஹாக்கில் கேள்வி 4(1). மெர்டேக்காவுக்குப் (விடுதலை நாள்) பின் இயற்றப்படும் எந்த ‘லா’வும் அரசமைப்புக்கு முரணாக இருந்தால் அந்த அளவுக்குச் செல்லாது என்பது அந்த உறுப்பு. திருத்தமும் ‘லா’ என்றால், அரசமைப்பை மாற்றும் ஒவ்வொரு திருத்தமும் தானாகவே செல்லாமல் போகும், ஏனென்றால் திருத்தம் என்றாலே இருப்பதற்கு முரண்தானே. அதனால் 4(1)இன் ‘லா’ சாதாரணச் சட்டம் மட்டுமே என்று கூட்டரசு நீதிமன்றம் படித்தது. அதற்கு முன்பே லோ கூய் சூன் வழக்கில், [1977] 2 எம்.எல்.ஜே. 187, இந்தியக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ள மறுத்திருந்தார்கள். 2017இல் செமெனி ஜெயா, [2017] 3 எம்.எல்.ஜே. 561, பிறகு நான் மேலே சொன்ன 2018 வழக்கு என்று காற்று மறுபக்கம் திரும்பியது. உங்கள் கட்டுரை 2017க்கு முன் எழுதப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் பொருள்விளக்க உறுப்பு 160(2). அதன்படி ‘லா’ என்பதில் எழுதப்பட்ட சட்டம், நாட்டில் நடைமுறையிலுள்ள காமன் லா (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம்), சட்ட வலிமையுள்ள வழக்காறு எல்லாம் அடங்கும். சரி, ‘எழுதப்பட்ட சட்டம்’ என்றால்? அதே உறுப்பு சொல்கிறது: இந்த அரசமைப்பும் மாநில அரசமைப்புகளும் அதில் அடங்கும். எழுத்துக்கு எழுத்து கோர்த்தால் அரசமைப்பே ‘லா’ ஆகிவிடும். அகராதிபோல் வாசித்தால் முட்டும் இடம் இதுதான்.

‘லா’வுக்குள் எதுவரை அடங்கும் என்பதற்கு பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கைப் பாருங்கள், [2005] 3 எம்.எல்.ஜே. 681. விமானப் பணிப்பெண் கருவுற்றால் வேலையை விட வேண்டும் என்று தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி. அது 8ஆம் உறுப்பின் சமத்துவத்துக்கு எதிரானது என்பது வாதம். கூட்டு ஒப்பந்தம் ‘லா’ அல்ல என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ‘சட்டத்தால் பாகுபாடு’ என்று தமிழில் எழுதும்போது இந்த வாசல் தெரிவதில்லை.

மாநிலச் சட்டங்களுக்கு இங்கே ‘எனாக்மென்’ என்று பெயர், சரவாக்கில் மட்டும் ‘ஆர்டினன்ஸ்’. மலாயில் சட்டம் ‘உண்டாங்-உண்டாங்’. ‘உண்டாங்’ என்று தனியாக வந்தால் கவனம், நெகிரி செம்பிலானில் அது குறுநிலத் தலைவர் பட்டம்.

#8 கட்சிக்காரர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தியாவில் 13(3)இல் ‘ஆர்டர்’, ‘நோட்டிஃபிகேஷன்’ எல்லாம் ‘லா’ என்று இருக்கிறதே. அப்படியானால் ஜி.ஓ. போட்டாலே அது சட்டம்தானே? எதற்கு இவ்வளவு பிரித்துப் பேச வேண்டும்?

#9 பிரிவு19ஏ

இல்லை. அந்த வரியின் கடைசியை விட்டுவிட்டீர்கள். அவசரச் சட்டம், ஆணை, துணைவிதி, விதி, ஒழுங்குமுறை, அறிவிக்கை, வழக்காறு என்று அடுக்கிவிட்டு, ‘சட்ட வலிமை உடைய’ என்று முடிகிறது. எந்த ஆக்டின் எந்தப் பிரிவு கொடுத்த அதிகாரத்தில் அந்த ஜி.ஓ. பிறந்தது என்பதுதான் கேள்வி. அரசாணையின் முகப்பிலோ அதன் இணைப்பான அறிவிக்கையிலோ ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கிய அதிகாரங்களைக் கொண்டு’ என்று இருந்தால் ஒன்று. வெறும் நிர்வாக அறிவுரையாக இருந்தால் வேறு.

கரக் சிங் வழக்கு, ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) 1963 எஸ்.சி. 1295. உத்தரப் பிரதேசக் காவல்துறை ‘ரெகுலேஷன்’ என்று தலைப்புப் போட்ட புத்தகத்தின்படி இரவில் வீடு தேடிப் போய்க் கதவு தட்டியது. அந்த ரெகுலேஷனுக்கு ஆக்டின் அடித்தளம் இல்லை, வெறும் துறை அறிவுரை. ஆகவே அது ‘லா’ அல்ல, அதைக் காட்டி உரிமையைக் குறுக்க முடியாது என்றாகி, வீட்டுக்குப் போகும் அந்த விதி விழுந்தது. பெயரில் ரெகுலேஷன் இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது.

சொத்து விஷயத்தில் 300ஏ இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது: ‘லா’வின் அதிகாரம் இல்லாமல் சொத்தைப் பறிக்கக் கூடாது. 1981இல் பிஷம்பர் தயாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது ஆக்ட், அல்லது சட்ட வலிமை கொண்ட விதி அல்லது சட்டபூர்வ ஆணை, வெறும் நிர்வாக ஆணை போதாது என்றது. ஆனால் அதே நிர்வாக ஆணை பாகுபாடாக இருந்தால் சமத்துவ உறுப்பான 14இன்கீழ் தாக்கலாம், அதற்கு அது ‘லா’வாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உரிமையைக் குறுக்கும் கருவியாக வரும்போதுதான் ‘லா’வா என்று உரசிப் பார்ப்பது.

இந்தச் சொல்லை ஆழமாகத் தோண்டிய முதல் வழக்கு நம் ஊரிலிருந்து போனது: ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம், ஏ.ஐ.ஆர். 1950 எஸ்.சி. 27. உறுப்பு 21இல் வரும் ‘லா’ என்றால் நியாயமா, அல்லது சட்டமன்றம் இயற்றியது எதுவோ அதுவா? பெரும்பான்மை இரண்டாவதை எடுத்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு வந்து நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று மாற்றியது. ஈப்போ_மேசை சொன்ன ஓங் ஆ சுவானில் பிரிவி கவுன்சில், ‘சட்டத்தின்படி’ என்பதில் இயற்கை நீதியின் அடிப்படை விதிகளும் அடங்கும் என்றது. அதே கேள்விக்கு இரண்டு கரையிலும் பதில் வந்திருக்கிறது.

#10 யாழ்_கட்டளை

இலங்கைப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கோ. இந்தியாவும் மலேசியாவும் பொருள்விளக்கத்தில் ‘அடங்கும்’ எண்டு போட்டிருக்கு. எங்கட 1978 அரசியலமைப்பின் 170ஆம் உறுப்புரை ‘எனப் பொருள்படும்’ எண்டு தொடங்குது. ‘அடங்கும்’ எண்டால் கதவு திறந்து கிடக்கும். ‘பொருள்படும்’ எண்டால் பூட்டு.

அந்த உறுப்புரையின்படி ‘லா’ எண்டால் பாராளுமன்றச் சட்டமும், அரசியலமைப்புக்கு முன் எந்தச் சட்டமன்றமும் இயற்றிய சட்டமும். மன்னராணையும் அதற்குள் அடங்கும். விதிகள், துணைவிதிகள், ஒழுங்குவிதிகள் ‘லா’ இல்லை. அவை ‘எழுதப்பட்ட சட்டம்’ எண்ட வேறொரு சொல்லுக்குள்ளே போகுது. ஆக, மலேசியாவில் ‘லா’ பெரிய வட்டம், ‘எழுதப்பட்ட சட்டம்’ அதற்குள் சின்ன வட்டம். எங்களிட்டை ‘எழுதப்பட்ட சட்டம்’ பெரியது, ‘லா’ அதற்குள்ளே. ஒரு நாட்டுத் தீர்ப்பின் வரியை மற்ற நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளது வெளியாகும், வெளியானது உள்ளாகும்.

அடுத்தது தலைப்புகள். இலங்கையில் ‘லா’ எண்டது ஒரு ஆவண வகையின்ரை பெயராகவும் இருந்தது. பிரித்தானியர் காலத்து நிரந்தரச் சட்டங்கள் ‘ஓர்டினன்ஸ்’, தமிழில் கட்டளைச் சட்டம். 1947க்குப் பிறகு ‘ஆக்ட்’. 1972 அரசியலமைப்பின் கீழ் தேசிய அரசுப் பேரவை இயற்றினது ‘லா’: 1972இன் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தம், 1977இன் 21ஆம் இலக்கப் பாகப் பிரிவினை இரண்டும் அப்படி. 1978க்குப் பிறகு திரும்பவும் ‘ஆக்ட்’. தமிழில் ‘ஆக்ட்’, ‘லா’ இரண்டுக்கும் ‘சட்டம்’தான் எண்டதால் இலக்கமும் ஆண்டும் இல்லாமல் எழுதினால் எது எண்டு தெரியாது. மாகாண சபை இயற்றினால் நியதிச் சட்டம்.

தமிழ்நாட்டு ஆக்கள் தவறுற இடம் ‘ஓர்டினன்ஸ்’. அங்கை அது அவசரச் சட்டம், ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கிறது. சபை மீண்டும் கூடி ஆறு வாரத்தில் காலாவதி. எங்கட 1895இன் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு. அதை ‘சான்று அவசரச் சட்டம்’ எண்டு மொழிபெயர்த்தால் என்ன சொல்ல!

யாழ்ப்பாணத் தமிழரின்ரை வழமைச் சட்டமான தேசவழமையும் இங்கை வரும். வழக்காறாகத் தொடங்கி, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் வலிமை பெற்றது. இங்கை ‘ரெகுலேஷன்’ எண்டது துணைச் சட்டம் இல்லை, அந்தக் காலத்து முழுச் சட்டம். அரசியலமைப்பின் 16(1) எழுதப்பட்டதும் எழுதப்படாததுமான பழைய சட்டம் எல்லாத்தையும், அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும், செல்லும் எண்டு காப்பாத்தி வைச்சிருக்கு. அடிப்படை உரிமைகளோடு முரண்படுற பழைய சட்டம் செல்லாது எண்ட இந்தியாவின் 13(1)க்கு நேர் எதிர்.

சைட்டேஷனில் ‘என்.எல்.ஆர்.’ எண்டு கண்டால் எங்கட நியூ லா ரிப்போர்ட்ஸ். நேட்டாலுக்கும் ஒரு என்.எல்.ஆர். இருந்தது, தென்னாப்பிரிக்கத் தமிழர் பற்றி எழுதுற ஆக்கள் பாத்துக் கொள்ளுங்கோ.

#11 வாசிப்பறை

வட்டம் உள்ளே வெளியே போவது அருமை. ஒரு சந்தேகம். மலேசியத் தீர்ப்பும் மெட்ராஸ் தீர்ப்பும் ஒன்றையொன்று இவ்வளவு மேற்கோள் காட்டுவது ஏன்? அந்தக் காரணம் தெரிந்தால் குழப்பம் எங்கே வரும் என்று முன்கூட்டியே பார்க்கலாம்.

#12 பிரிவு19ஏ

சட்ட வாசகமே பொது. மலேசியாவின் தண்டனைச் சட்டம், 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மூன்றும் பெரும்பாலும் இந்தியச் சட்டங்களை அச்சாக எடுத்தவை. அதனால் கோலாலம்பூர் வழக்கறிஞர் மெட்ராஸ் எம்.எல்.ஜே.யையும் புரட்டுகிறார். ஒரே மனுவில் இரண்டு எம்.எல்.ஜே.யும் வந்துவிடும்.

ஆபத்து பிரிவு எண்களில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தில் 1 முதல் 19 வரை இரு நாட்டு எண்ணும் ஒன்று. இந்தியச் சட்டத்தில் பின்னால் செருகிய 19ஏ, தகாத செல்வாக்கால் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்வது, மலேசியாவில் 20 என்று நேராக எண்ணப்பட்டது. அதிலிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப் போகிறது. இந்தியாவின் 23, சட்டவிரோத மறுபயன், அங்கே 24. வணிகத் தடை 27, அங்கே 28. நிறைவேற்ற இயலாமை 56, அங்கே 57.

மிகவும் கடிக்கும் இடம் 74. இந்தியாவில் 73 பொதுவான இழப்பீடு, 74 ஒப்பந்தத்திலேயே குறித்த தொகை அல்லது தண்டத் தொகை. மலேசியாவில் 74தான் பொதுவான இழப்பீடு, தண்டத் தொகை 75. ‘பிரிவு 74, எம்.எல்.ஜே.’ என்று மட்டும் இருந்தால் எந்த எம்.எல்.ஜே. என்று தெரியாமல் பொருளே சொல்ல முடியாது. இரண்டு பிரிவும் இழப்பீட்டைப் பற்றியே பேசுவதால் தவறு வெளியே தெரியவும் தெரியாது.

சாட்சியச் சட்டத்தில் பழைய எண்கள் பெரும்பாலும் பொருந்தி வந்தன. 27 என்றால் இரு பக்கமும் கண்டெடுப்பு வாக்குமூலம், 114(ஜி) என்றால் மறைத்த சாட்சியம் பற்றிய எதிர்மறை அனுமானம். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் வந்த பிறகு அந்தப் பொருத்தமும் போயிற்று. 27, இப்போது 23இன் வரம்புரைக்குள். 114, இப்போது 119. மலேசியத் தீர்ப்பில் 114(ஜி) என்று கண்டால் அதை மாற்றி எழுதாதீர்கள், அங்கே அது அப்படியேதான் இருக்கிறது.

#13 ஓரக்குறிப்பு

இனி வாசிப்பறையின் இரண்டாவது கேள்வி, தமிழில் எப்படி எழுதுவது.

நம் சிக்கல் ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூட. ‘சட்டம்’ என்பது படத்துக்குப் போடும் மரச்சட்டமும்கூட. ‘விதி’ தலையெழுத்தும் ஆகும், ஆக்டின்கீழ் வரும் ‘ரூல்’ஸும் ஆகும், பள்ளிப் பாடத்தில் நியூட்டன் விதி, ஓம் விதி என்று இயற்கையின் ‘லா’வும் ஆகும். ஆகவே ‘லா’வை ‘விதி’ என்று போட்டுத் தப்பிக்க முடியாது, நீதிமன்றத் தமிழில் அது உடனே துணைச் சட்டமாகிவிடும். ‘நெறி’ என்று போட்டால் ஒழுக்க போதனை மாதிரி கேட்கிறது.

என் யோசனை: ‘ஆக்ட்’ வரும் இடத்தில் முழுப் பெயர், எண், ஆண்டு. உதாரணம், ‘1971ஆம் ஆண்டு அரசமைப்பு (இருபத்து நான்காம் திருத்தம்) சட்டம்’. பொதுவான ‘லா’ வரும் இடத்தில் வெறும் ‘சட்டம்’. இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதினால் உறுப்பு எண்ணைத் துணைக்கு அழைக்க வேண்டும். உங்கள் வரி இப்படி ஆகும்: ‘உறுப்பு 4(1)இல் சட்டம் என்ற சொல் சாதாரணச் சட்டமியற்றல் அதிகாரத்தில் பிறந்தவற்றையே குறிக்கும், அரசமைப்பைத் திருத்தும் சட்டம் அதில் அடங்காது.’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் யாரும் அச்சுப்பிழை என்று நினைக்க மாட்டார்கள்.

#14 யாழ்_கட்டளை

‘உறுப்பு 4(1)’ எண்ட இடத்தில் மலேசியா எண்டு நாட்டையும் போடுங்கோ. எங்கட ஆக்கள் ‘உறுப்புரை’ எண்டு பழகினவை, தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘பிரிவு’ எண்டும் பாத்திருக்கிறன். ‘பிரிவு’ எண்டால் எங்களுக்கு ஆக்டின் செக்ஷன்.

#15 ஈப்போ_மேசை

அடிக்குறிப்புக்கும் ஒரு வடிவம் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை வழக்கின் பெயர், ‘மலாயன் லா ஜர்னல்’ என்று முழுப் பெயர், நீதிமன்றம், நாடு. அடுத்த தடவையிலிருந்து ‘மலாயன் எம்.எல்.ஜே.’, ‘மெட்ராஸ் எம்.எல்.ஜே.’ என்று ஊர்ப் பெயரோடு சுருக்கம். ஊர்ப் பெயர் இல்லாத வெறும் எம்.எல்.ஜே. எங்குமே வேண்டாம். முடிந்தால் வேறொரு தொகுப்பின் இணை சைட்டேஷனும் கொடுங்கள். ஓங் ஆ சுவானுக்கு [1981] ஏ.சி. 648 உண்டு. எண்ணில் ஒன்று தவறினாலும் மற்றதைப் பிடித்து வந்துவிடலாம். ஏ.சி. என்றால் அப்பீல் கேசஸ், குளிர்சாதனம் அல்ல லா.

#16 வாசிப்பறை

எல்லாருக்கும் நன்றி. கட்டுரை 2012இல் எழுதப்பட்டது, ஆகவே செமெனி ஜெயாவையும் 2018 வழக்கையும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்கிறேன். ‘31 எம்.எல்.ஜே.’க்கு மெட்ராஸ், 1916 என்று போட்டாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி: அதே அடிக்குறிப்பில் ‘ஐ.எல்.ஆர். 39 மெட்.’ என்று இருக்கிறது. இது இன்டர்நேஷனல் லா ரிப்போர்ட்ஸ் இல்லையே?

#17 ஓரக்குறிப்பு

இல்லை. பின்னால் ‘மெட்.’ இருப்பதால் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ், மெட்ராஸ் வரிசை. 1876இல் முதல் தொகுதி. 39ஆம் தொகுதிக்கும் ஆண்டைக் கூட்டிக் கணக்குப் போட வேண்டாம், தொகுதியின் முகப்பில் இருக்கும் ஆண்டைப் பார்த்தே எழுதுங்கள்.